கடலுக்கும் வரப்பு வேண்டும்

விதைநெல்லைக் குத்தி உண்பவன் மறு ஆண்டு பட்டினி கிடப்பான் என்பதைக் குடியானவர் அறிவர். குஞ்சு மீன்களை வாரி எடுப்பதும் அத்தகையதே. ஆனால் வயலுக்கு வரப்பு உண்டு, கடலுக்கு இல்லை.

1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையை அடுத்த கடலை நாட்டுப் படகுகளுக்கென ஒதுக்கியுள்ளது. மீன்கள் இனம் பெருகும் பொருட்டு, கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன் பிடிக்கலாகாது. ஆயினும், இரவில் கரையருகே இழுவலை இழுத்த படகு எது? அறுந்த வலையுடன் நிற்கும் வள்ளக்காரருக்குச் சாட்சி சொல்வார் யார்?

இங்கேதான் டிரான்ஸ்பாண்டர் என்னும் கருவி உதவுகின்றது. படகில் பொருத்தப்படும் இக்கருவி, செயற்கைக்கோள்களின் துணையால் தன் இருப்பிடத்தைக் கணித்து, அவ்வப்போது கரையிலுள்ள நிலையத்துக்கு அறிவிக்கும். அப்புள்ளிகளை இணைத்தால் படகு சென்ற தடம் புலப்படும். வலை இழுக்கும் படகு மெதுவாகச் செல்லும். துறைமுகம் திரும்பும் படகு விரைந்து செல்லும். ஆகவே எங்கு, எவ்வளவு நேரம் மீன் பிடிக்கப்பட்டது என்பதை ஓரளவு உணரலாம். உழைத்த நேரம் கூடியும் கிடைத்த மீன் குறையுமாயின், அவ்விடத்தில் மீன்வளம் குன்றிவருகிறதோ என்று ஆராய வேண்டும்.

சுருக்குமடி வலை வழக்கில் 2023 ஜனவரியில் உச்சநீதிமன்றம் இடைக்கால அனுமதி அளித்தபோது, 12 கடல் மைலுக்கு அப்பால், வாரம் இரு நாட்கள், இத்தகைய கருவி பொருத்திய படகுகளுக்கே அனுமதி என விதித்தது.

உயிர்காப்பும் இதனுள் அடங்கும். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில், எச்சரிக்கை எட்டாத தொலைவில் இருந்த மீனவர் பலர் மாண்டனர். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் உருவாக்கியுள்ள கருவி, கரையிலிருந்து புயற்செய்தியைப் படகுக்கும், படகிலிருந்து அபாயச் செய்தியைக் கரைக்கும் கொண்டு செல்லும். ஒரு லட்சம் படகுகளில் இதனைப் பொருத்தும் மத்திய அரசின் திட்டம் 2024 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கப்பெற்றது.

எனினும், கருவியை அணைத்துவிட்டால் தடம் மறைந்துவிடும். தம் மீன்பிடி இடம் பிறர்க்கு வெளிப்படுமோ என அஞ்சுவோரும் உளர். அச்செய்தியைப் பிறரறியாமற் காப்பது அதிகாரிகளின் கடமையாகும்.

கடலோரப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுடன் கூடி இவற்றை எடுத்துரைத்தல் வேண்டும். கரையருகே இழுவலை இழுக்கக் கண்டால், நாளையும் நேரத்தையும் குறித்து மீன்வளத் துறைக்குத் தெரிவித்தல் நலம். தடப் பதிவுடன் அதனை ஒப்பிட்டுப் பார்க்க இயலும். வரப்பை வகுப்பது சட்டம். அதைக் காட்டுவது கருவி. காப்பதோ ஊராரின் பொறுப்பு.