சீட்டு என்னும் ஒரு சொல்

“சீட்டுக்குக் கட்டிவிட்டேன்” என்று கணவன் கூறினால், நம் பகுதிக் குடும்பத் தலைவி எதனை எண்ணுவாள்? தெருவில் நாலு பேர் சேர்ந்து நடத்தும் ஏலச் சீட்டைத்தான் எண்ணுவாள். பிள்ளையின் கல்லூரிக் கட்டணமோ மகளின் திருமணமோ அந்தச் சீட்டில் வளர்கின்றது என்று மனம் ஆறுவாள். 2025-ஆம் ஆண்டு தவக்காலத்தில் என்னைக் காண வந்த சகோதரி ஒருவர், அவ்வாறுதான் ஏழு மாதங்கள் மனம் ஆறியிருந்தார். கணவர் கூறியது பொய்யன்று. கட்டியது சீட்டுக்குத்தான். ஆனால் அது கைப்பேசியில் ஆடும் ரம்மிச் சீட்டு.

“கம்மலை அடகு வைக்கணும்னு கேட்டாரு ஃபாதர். எதுக்குங்க அடகு, சீட்டை எடுத்துடலாமேன்னு சொன்னேன். அப்பத்தான் மனுஷன் அழ ஆரம்பிச்சாரு” என்றார் அந்தச் சகோதரி.

இது பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதன்று. கணவனும் மனைவியும் பங்கு இல்லத்து முன்னறையில் அமர்ந்து கூறியது. இன்னார் என்று அறிய இயலாதவாறு எழுதலாம் என்று இருவரும் இசைவு தந்த பிறகே எழுதுகின்றேன். கணவர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்பவர். குடிப்பழக்கம் இல்லாதவர். ஞாயிறு திருப்பலிக்குத் தவறாதவர். அவர் இழந்த தொகை 3,80,000 ரூபாய். அதிற் பெரும்பகுதி கடன்.

இச்செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு, பெயர் எதுவும் சொல்லாமல், அவ்வாண்டு ஜூலையில் பங்கு மன்றத்தில் பெற்றோரையும் இளைஞரையும் ஒருசேர அமர்த்திப் பேசவைத்தேன். பேச்சு விரைவில் வாக்குவாதமாயிற்று. ஓய்வுபெற்ற எழுத்தர் ஒருவர் எழுந்து, பிள்ளைகளின் கையில் இருக்கும் அந்தப் பெட்டியை உடைத்தெறிந்தாலன்றிக் குடும்பம் உருப்படாது என்றார். தாய்மார் கைதட்டினர். கணினி பயிலும் மாணவன் ஒருவன் எழுந்தான். “தாத்தா, பந்து விளையாடுற ஆட்டம், சுட்டு விளையாடுற ஆட்டம், காசு கட்டி ஆடுற ஆட்டம், எல்லாத்தையும் ஒரே மூட்டையிலே கட்டுறீங்க. நீங்க வேலைக்குப் போறப்ப ரயில்ல சீட்டு ஆடினதில்லையா?” என்று கேட்டான்.

மன்றம் அமைதியாயிற்று. பெரியவர் நேர்மையானவர். ஆவடியிலிருந்து முப்பது ஆண்டுகள் மின்ரயிலில் வேலைக்குப் போய்வந்தவர். “ஆடினோம் தம்பி. நாலு பேர் மடிமேலே பேப்பரை விரிச்சு ஆடினோம். ஆனா பேசின் பிரிட்ஜ் வந்துட்டா சீட்டைக் கலைச்சுக் கட்டிடுவோம்” என்றார்.

அன்று பேசப்பட்ட யாவற்றுள்ளும் என் நெஞ்சில் நின்றது இந்த மறுமொழியே. கூறியவர் அதன் ஆழத்தை அறிந்து கூறினாரா என்பது ஐயமே.

மாணவன் வைத்த வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அவன் கூறியது சரி. விளையாட்டு வேறு, சூது வேறு. நடுவண் அரசே இப்பிரிவினையை ஏற்றுக்கொண்டது. 2025 ஆகஸ்டு 20-ஆம் நாள் மக்களவையிலும், மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறி, 22-ஆம் நாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற இணையவழி விளையாட்டுச் சட்டம், போட்டியாக ஆடும் மின்விளையாட்டு, பொழுதுபோக்காக ஆடும் விளையாட்டு, பணம் கட்டி ஆடும் விளையாட்டு என மூன்றாகப் பிரித்தது. முதல் இரண்டையும் ஊக்குவிக்கலாம் என்றது. மூன்றாவதைத் தடை செய்தது. நம் மன்றத்தில் வாக்குவாதம் நடந்த மறுமாதமே இஃது நிகழ்ந்தது. மாணவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

எனினும் இந்நாட்டில் இவ்வளவு காலமும் நடந்த வழக்கு விளையாட்டா சூதா என்பதன்று. திறமையா அதிர்ஷ்டமா என்பது. இதன் வரலாற்றைப் பெற்றோர் சற்றுப் பொறுமையுடன் கேட்டல் நலம். ஏனெனில், “இது திறமை விளையாட்டு, உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு” என்று உங்கள் வீட்டுப் பிள்ளை உங்களிடம் வாதிடுவான். எனக்கே ஒருவன் வாதிட்டான்.

1968-இல் செகந்திராபாத்து நகரத்து மனமகிழ் மன்றம் ஒன்றைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. மூன்று சீட்டு ஆட்டம் முழுக்க அதிர்ஷ்டத்தைச் சார்ந்தது, ரம்மி அவ்வாறன்று, விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்கவும், எதனை வைத்துக்கொள்வது எதனை எறிவது என்று தீர்மானிக்கவும் திறமை வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். 1996-இல் கிண்டிக் குதிரைப் பந்தய வழக்கிலும் இதே அளவுகோல் கொள்ளப்பட்டு, பந்தயமும் திறமையின்பாற்பட்டது என்று கூறப்பட்டது. 1974-இல் தமிழக அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கக் கொண்டுவந்த சட்டத்திற்கு அங்ஙனம் வலிமை போயிற்று. பிற்காலத்தில் கைப்பேசி ரம்மி நடத்தியவர்கள் நீதிமன்றந்தோறும் இந்த 1968-ஆம் ஆண்டுத் தீர்ப்பையே கேடயமாகத் தூக்கிச் சென்றனர்.

ஆயின் அத்தீர்ப்பில் மற்றொரு பகுதியும் உண்டு. மன்றத்தின் உரிமையாளர் அந்த ஆட்டத்திலிருந்து இலாபம் ஈட்டுகிறார் என்று மெய்ப்பிக்கப்பட்டால், குற்றம் உண்டாகலாம் என்றும் நீதிபதிகள் கூறியிருந்தனர். உட்காரும் கட்டணமாக மன்றம் பெற்ற சிறு தொகையை மட்டும் குற்றமன்று என விட்டனர். இந்தப் பாதி எவர் வாயிலும் வருவதில்லை.

ஏன் இதனை வலியுறுத்துகின்றேன் என்றால், தொழிற்பேட்டைத் தோழர் வீழ்ந்த இடம் இதுவே. அவர் திறமையற்றவர் அல்லர். அவருடைய ஊரில் கோயில் திடலில் அவரோடு சீட்டாடி வென்றவர் அரிது. ஆறு பேர் ஆளுக்கு 1,000 ரூபாயுடன் கைப்பேசி மேசையில் அமர்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஆட்டத்திற்கும் ஆளுக்கு 100 ரூபாய். சேர்ந்த 600-இல் நடத்துபவர் நூற்றுக்குப் பத்து எடுத்துக்கொள்கிறார் என்று கொண்டால், ஆட்டத்திற்கு 60 ரூபாய் மேசையைவிட்டுப் போகின்றது. ஐம்பது ஆட்டங்கள் முடிந்தால் அறுவரும் கொண்டுவந்த 6,000-இல் 3,000 நடத்துபவரிடம் போய்விடும். அறுவரின் திறமையெல்லாம், மிஞ்சிய 3,000 யார் கையில் என்பதை மட்டுமே தீர்மானிக்கும். திறமையுள்ளவன் திறமையற்றவனிடமிருந்து எடுக்கின்றான். நடத்துபவர் இருவரிடமிருந்தும் எடுக்கின்றார். இக்கணக்கை அவரிடம் ஒரு தாளில் போட்டுக் காட்டினேன். வெகுநேரம் அத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தமிழக அரசு இவ்வாட்டங்களைத் தடுக்க எடுத்த முயற்சிகளும் எளிதில் நிறைவேறவில்லை. 2020 நவம்பரில் அவசரச் சட்டம் வந்தது. அதன் பின்வந்த சட்டத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் 2021 ஆகஸ்டு 3-ஆம் நாள் செல்லாது என்றது. 2022-இல் நீதியரசர் சந்துரு தலைமையில் குழு அமைந்தது. தற்கொலைத் தடுப்புக்கென 1986-இல் சென்னையில் சிநேகா என்னும் அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அதில் ஓர் உறுப்பினர். இதிலிருந்தே பிரச்சினையின் கொடுமையை உணரலாம். அவ்வாண்டு அக்டோபரில் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டமுன்வரைவை 2023 மார்ச்சில் ஆளுநர் திருப்பி அனுப்பினார். மன்றம் மீண்டும் நிறைவேற்றிய பின் ஏப்ரலில் ஒப்புதல் அளித்தார். நவம்பரில் உயர்நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது. ஆனால் ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது. வயது வரம்பும் நேர வரம்பும் விதிக்கலாம் என்று வழிகாட்டியது. அதன்படி 2025 பிப்ரவரியில் விதிகள் வந்தன. பதினெட்டு வயதுக்குக் குறைந்தோர் ஆடலாகாது. ஆதார் சரிபார்ப்பு வேண்டும். நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆட்டம் கூடாது. இவ்விதிகளை எதிர்த்த வழக்கை உயர்நீதிமன்றம் ஜூன் 3-ஆம் நாள் தள்ளுபடி செய்தது.

இந்த நள்ளிரவு விதியைப் படித்தபோது, பெரியவர் சொன்ன பேசின் பிரிட்ஜ் எனக்கு நினைவுக்கு வந்தது. அரசாங்கம் அந்தக் கைப்பேசிக்கு ஒரு ரயில் நிலையத்தைக் கட்டப் பார்த்தது என்றே சொல்ல வேண்டும். ரயிலில் ஆடியவனுக்கு வண்டி நிற்கும் இடம் உண்டு. திண்ணையில் ஆடியவனுக்கு விளக்கணைக்கும் மனைவி உண்டு. எதிரில் அமர்ந்தவன் முகம் உண்டு. “போதும்டா, உன் பெண் பள்ளிக்கூடப் பணம்” என்று சீட்டைப் பிடுங்கும் தோழன் உண்டு. அம்முகங்கள் யாவும் கைப்பேசியில் இல்லை. தோற்றவனுக்கு அங்கு ஆறுதலாக வருவது அடுத்த ஆட்டத்திற்கான சலுகைப் பணம்.

தோழரின் இரண்டாம் முறை வேலை இரவில் முடியும். வீட்டார் உறங்கிய பின் ஆடத் தொடங்குவார். விதி வந்த பிறகு என்ன செய்தீர் என்று கேட்டேன். தலைகுனிந்து, “அஞ்சு மணிக்கு அலாரம் வெச்சேன் ஃபாதர்” என்றார். மனைவி குறுக்கிட்டு, “தவக்காலமாச்சே, எழுந்து செபம் பண்றாருன்னு நினைச்சேன்” என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார். அவ்வறையில் அன்று எழுந்த ஒரே சிரிப்பு அது.

ஆகவே, வீட்டில் வாதிடும்போது, “இதில் திறமை உண்டா” என்று பிள்ளையோடு மல்லுக்கு நிற்காதீர்கள், தோற்றுப்போவீர்கள். பணம் கட்ட வேண்டுமா, நடத்துபவருக்குப் பங்கு உண்டா, ஆட்டம் எப்போது முடியும், யார் பார்க்க ஆடுகிறாய் என்று கேளுங்கள். மாலையில் நண்பரோடு பந்தாட்டம் ஆடும் சிறுவனையும், கடன் வாங்கி விடியலில் ரம்மி ஆடும் தந்தையையும் ஒரே கோலால் அடித்தால், சிறுவன் உங்களை நம்ப மாட்டான். தந்தை அக்கூட்டத்தில் ஒளிந்துகொள்வார். ஈண்டு உலக நலவாழ்வு நிறுவனமும் எச்சரிக்கையோடே பேசுகின்றது. 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்த அதன் நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைத்தனம் ஒரு நோயாக இடம்பெற்றது உண்மையே. ஆனால் ஆடுபவர் அனைவரும் நோயாளிகள் என்று அது கூறவில்லை. ஆட்டத்தை அடக்க இயலாமை, பிற கடமைகள் யாவும் பின்தள்ளப்படுதல், தீங்கு கண்ட பின்னும் தொடர்தல் ஆகியவற்றையே அடையாளமாகக் காட்டுகின்றது.

திருவள்ளுவர் சூது என்னும் அதிகாரத்தைக் கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவே வைத்தார். காரணம் கருதித்தான் வைத்தாரோ, அறியேன். என் குருமடத்துத் தமிழாசிரியர் அதைச் சொல்லி மகிழ்வார்.

இவ்வளவும் எழுதும் எனக்கு எழுத ஓர் உரிமை உண்டா என்று ஒரு வாசகர் கேட்கலாம். கேட்டார் ஒருவர், மன்றத்திலேயே. “ஃபாதர், திருவிழாவுக்குப் பரிசுச் சீட்டு விக்கிறோமே, அது என்ன சீட்டு?” என்றார். 1968-இல் தமிழக அரசே பரிசுச் சீட்டு விற்கத் தொடங்கியது, 2003-இல் நிறுத்தியது. அதற்கு இடைப்பட்ட காலத்தில் பேருந்து நிலையந்தோறும் லாட்டரிக் கடைகளில் நாளிதழை விரித்து எண் தேடிய தந்தையரைச் சிறுவனாய்க் கண்டவன் நான். அப்படியிருந்தும் கூரை வேலைக்காக இரண்டாண்டுகள் நானே சீட்டு அச்சிட்டேன். திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2413-ஆம் எண்ணில், இத்தகைய ஆட்டங்கள் தம்மளவில் நீதிக்கு முரணானவை அல்ல. ஒருவர் தம் தேவைக்கும் பிறர் தேவைக்கும் உரியதை இழக்கச் செய்யும்போது ஏற்கத்தகாதவை ஆகின்றன. சூதின் மோகம் அடிமைத்தனமாகக் கூடும் என்று விளக்குகின்றது. இருபது ரூபாய்ச் சீட்டு எவரையும் அடிமையாக்காது என்று நான் வாதிடலாம். வாதிட்டேன். ஆனால் மாதச் சம்பளத்தில் பாதியைச் சீட்டில் தொலைத்த ஒருவர் அந்த மன்றத்தின் கடைசி வரிசையில் அமர்ந்து அதனைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்தபின் என் வாதம் எனக்கே சுவைக்கவில்லை. பங்குப் பேரவையில் இது இன்னும் முடிவாகவில்லை. கூரைக்குழுவினர் என்மீது சற்று வருத்தமாகவே உள்ளனர்.

நடுவண் சட்டம் வந்த அந்த வாரத்திலேயே பெரிய நிறுவனங்கள் பண ஆட்டங்களை நிறுத்தின. சட்டத்தை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் சென்றன. நிற்க, இரண்டு செய்திகளை மறவாதீர். அச்சட்டம் தண்டிப்பது ஆட்டத்தை நடத்துவோரையும் விளம்பரம் செய்வோரையும் பணம் கடத்துவோரையுமே; ஆடி இழந்தவரை அன்று. ஆதலின் போலீசுக்கு அஞ்சி வீட்டில் மறைப்பது தேவையற்றது. மற்றொன்று: கடன் தொல்லையால் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒருவருக்கு எழுமாயின், 14416 என்னும் அரசு மனநல எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். என் அறைக் கதவையும் தட்டலாம். நேரம் பார்க்க வேண்டா.

தோழர் இப்போது முதல் முறை வேலைக்கு மாறிக்கொண்டுவிட்டார். சம்பளம் மனைவியின் கணக்கிற்குப் போகின்றது. அவரிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய கைப்பேசி. கடனில் இன்னும் பதினான்கு தவணைகள் உள்ளன. சென்ற மாதம் சகோதரி தெருப் பெண்களோடு உண்மையான ஏலச் சீட்டு ஒன்றில் சேர்ந்திருப்பதாகச் சொன்னார். கணவரிடம் அதனைச் சொன்னபோது, அது எந்தச் சீட்டு, யார் நடத்துகிறார்கள், எப்போது முடியும் என்று அவர் மூன்று கேள்விகள் கேட்டாராம்.