பேரேடும் பாட்டும்: ஒரு ஜவுளிக்காரனின் ப்ளூஸ் படிப்பு

மலர்க்குழு நண்பர்கள் கடைக்கு வந்து, "ஐயா, வழக்கம்போல ஒரு கட்டுரை" என்றார்கள். வழக்கம்போல என்றால் சீவகசிந்தாமணி, நீலகேசி, இல்லையென்றால் ஏதாவது ஒரு கல்வெட்டு. இந்தத் தடவை அமெரிக்காவின் மிசிசிப்பிப் பக்கத்துப் பாட்டைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் ஒருவர் முகம் கொஞ்சம் வாடியது. பரவாயில்லை, நம் பிள்ளைகளாவது படிப்பார்கள் என்று எழுதுகிறேன்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். 1978இல் வந்தவாசிப் பக்கத்திலிருந்து மும்பைக்கு வந்து, மூல்ஜி ஜேட்டா மார்க்கெட்டில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுத உட்கார்ந்து, பிறகு சொந்தமாகக் கடை போட்டேன். ஃபவுண்டன் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகள்தான் என் கல்லூரி. சரித்திரம், அரசியல் என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினேன். ப்ளூஸ் வந்தது வேறு வழியில். காலா கோடாவில் ரிதம் ஹவுஸ் என்று ஒரு இசைக்கடை இருந்தது, 2016இல் மூடிவிட்டார்கள். அங்கே எம்.எஸ். கேசட் வாங்கப் போன இடத்தில் மடி வாட்டர்ஸ் என்பவரின் குரல் ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் கால் நகரவில்லை. இரண்டு கேசட்டோடு வீட்டுக்கு வந்தேன்.

ப்ளூஸ் என்பது அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின உழைப்பாளிகளிடையே, 19ஆம் நூற்றாண்டின் கடைசியை ஒட்டி உருவான பாட்டு. அமைப்பு எளிது. முதல் அடியைப் பாடுவார்கள், அதையே மறுபடி பாடுவார்கள், மூன்றாம் அடியில் பதில் வரும். பன்னிரண்டு தாள அளவில் ஒரு சுற்று முடிந்துவிடும். வியாபாரி காதுக்கு இது பாக்கி கேட்கிற மாதிரி இருக்கும்: ஒரு தடவை சொன்னோம், இன்னொரு தடவை சொன்னோம், மூன்றாவதில் பைசல். டபிள்யூ.சி. ஹேண்டி என்ற இசைக்கலைஞர், 1903 வாக்கில் டட்வைலர் ரயில் நிலையத்தில், கத்தியைக் கிதார் நரம்பில் வைத்து இழைத்துப் பாடிய ஒருவரைக் கேட்டதாகத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ப்ளூஸ் சரித்திரம் எழுதுகிற எல்லோரும் அந்த ரயில் நிலையத்தை ஒரு தடவை சுற்றி வராமல் போவதில்லை.

பாட்டைக் கேட்டால் "சோகம்" என்று சொல்லி நகர்ந்துவிடலாம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். எதைப் பற்றிய சோகம் என்று தேடப்போனால் அது பருத்தியில் போய் முட்டியது. ஜவுளிக்காரன் அங்கே நிற்காமல் எப்படிப் போவான்?

மும்பைக்காரர்களுக்கு இந்தக் கதையின் முதல் அத்தியாயம் பல்கலைக்கழக வளாகத்திலேயே நிற்கிறது. 1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போர். தென் மாநிலத் துறைமுகங்கள் முற்றுகையில். அடிமைகள் பறித்த பருத்தி லங்காஷயர் ஆலைகளுக்குப் போகவில்லை. விலை ஏறியது, இந்தியப் பருத்திக்கு அடித்தது யோகம். பம்பாயில் பணம் மழையாகக் கொட்டியது. பங்குகளும் கடலைத் தூர்க்கும் கம்பெனிகளும் முளைத்தன. அந்தக் காலத்துப் பெரும் புள்ளி பிரேம்சந்த் ராய்சந்த். எங்கள் சமயத்தவர், சூரத்காரர். அவர் தம் தாயார் பெயரில் கொடுத்த கொடைதான் ராஜாபாய் கோபுரம். 1865இல் போர் முடிந்தது, விலை சரிந்தது, பம்பாயும் சரிந்தது. இதுவரை நம் ஆட்களுக்குத் தெரிந்த கதை. புனேயில் ஜோதிராவ் ஃபுலே மட்டும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். 1873இல் வெளியிட்ட 'குலாம்கிரி' நூலை, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார்.

பருத்தி விலை சரிந்த பிறகு அங்கே என்ன நடந்தது? அடிமைகள் விடுதலையானார்கள். 1865 ஜனவரியில் ஜெனரல் ஷெர்மன், கடலோரத்தில் கைப்பற்றிய நிலங்களைக் குடும்பத்துக்கு 40 ஏக்கருக்கு மிகாமல் பிரித்துக் கொடுக்க உத்தரவிட்டார். லிங்கன் கொல்லப்பட்டபின் வந்த அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் அதே ஆண்டிலேயே பெரும்பாலான நிலத்தைப் பழைய முதலாளிகளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆக, சுதந்திரம் வந்தது, நிலம் வரவில்லை. பழைய பண்ணையில், பழைய முதலாளியிடம், வாரத்துக்கு உழுகிற வாழ்க்கை ஆரம்பித்தது. மிசிசிப்பி டெல்டாவில் ப்ளூஸைப் பாடியவர்கள் இந்த வாரக்குடிகளின் பிள்ளைகள்.

இந்த வாரமுறையைச் சரித்திரப் பேராசிரியர்கள் நன்றாகவே விளக்கியிருக்கிறார்கள். ஆனாலும் கணக்கெழுதியவன் சொன்னால் இன்னும் கொஞ்சம் உறைக்கும். விளைச்சலில் பாதி குடியானவனுக்கு. அறுவடை வரை சாப்பிட மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை மாதாமாதம் முன்பணம், பெரும்பாலும் பண்ணைக் கடையில் மாவாக, உப்புக்கண்டமாக, துணியாக. அதற்கு வட்டி. மாதம் 15 டாலர் என்று வையுங்கள், ஆறு மாதத்துக்கு 90. மொத்தத்துக்கும் பத்து சதவீதம் வட்டி 9 டாலர். டிசம்பரில் 99 டாலர் பைசல். "பத்து வட்டிதானே" என்று தோன்றும். ஆனால் பணம் ஒரேயடியாக வரவில்லை. சராசரியாக ஆறரை மாதம்தான் அவன் கையில் இருந்தது. அப்படியானால் வருஷ வட்டி 18க்கு மேல். இன்னும் இருக்கிறது. கடன் விலை ரொக்க விலையைவிட ஐந்தில் ஒரு பங்கு கூட என்றால், அவன் வாங்கிய சரக்கின் மதிப்பு 75 டாலர்தான். 75க்கு 24 டாலர், ஆறரை மாதத்தில். வருஷத்துக்கு 59 சதவீதம் வந்துவிடுகிறது. இந்தத் தொகைகள் நானே போட்ட உதாரணம். முறை அங்கே இருந்த முறைதான். பருத்தியை எடை போடுவது முதலாளி, விற்பது முதலாளி, என்ன விலைக்குப் போனது என்று சொல்வதும் அவரே. குடியானவன் கணக்கை எதிர்த்துக் கேட்க வழியில்லை. மிசிசிப்பியின் 1890 அரசியல் சட்டம் 2 டாலர் தலைவரியையும், சட்டப்பிரிவைப் படித்து விளக்கும் சோதனையையும் வைத்துக் கறுப்பினத்தவர் ஓட்டை ஏறக்குறைய இல்லாமலே செய்துவிட்டது. ஓட்டு இல்லாதவனுக்கு ஷெரீஃபும் இல்லை, ஜூரியும் இல்லை.

கணக்குக் கேட்டால் என்ன ஆகும்? ஆற்றுக்கு அக்கரையில், ஆர்கன்சா மாநிலத்தின் எலேன் என்ற ஊர்ப்பக்கத்தில் 1919இல் கேட்டார்கள். வாரக்குடிகள் சங்கம் கட்டி, ஒரு வக்கீலை அமர்த்தி, எதற்கு எவ்வளவு பற்று என்று இனவாரியாக எழுதிக் கொடுங்கள் என்று கேட்கத் தயாரானார்கள். செப்டம்பர் 30 இரவு அவர்கள் கூடியிருந்த தேவாலயத்தில் துப்பாக்கிச் சூடு. ஒரு வெள்ளையர் இறந்தார். அடுத்த சில நாட்களில் ஆயுதக் கும்பல்களும், பிறகு வந்த ராணுவமும் ஆடிய வேட்டையில் செத்த கறுப்பினத்தவர் நூறு என்பாரும் உண்டு, இருநூறுக்கு மேல் என்பாரும் உண்டு. எண்ணிக்கைகூட எழுதி வைக்கப்படவில்லை. வழக்கு போட்டதும் அவர்கள்மேல்தான். பன்னிரண்டு பேருக்கு மரண தண்டனை விதித்தார்கள். 1923இல் உச்ச நீதிமன்றம், கும்பலுக்குப் பயந்து நடத்திய விசாரணை விசாரணையே அல்ல என்ற அடிப்படையில் தலையிட்டது. 1925க்குள் பன்னிரண்டு பேரும் வெளியே வந்தார்கள். ஐடா பி. வெல்ஸ் அம்மையார் சிறைக்கே போய் அவர்களைப் பார்த்து எழுதிய சிறு நூல் ஒன்று உண்டு. அவர்களிடமிருந்து பறிபோன பருத்தி எவ்வளவு என்று அந்த அம்மாள் கணக்குப் போட்டிருக்கிறார். என்னைப் போன்றவன் எழுந்து நின்று கும்பிட வேண்டிய கணக்கு அது.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பா ஊரில் மல்லாட்டைக்கு முன்பணம் கொடுப்பார். எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பன்னிரண்டு வயதிலேயே பேரேட்டை என்னிடம் தந்துவிட்டார். அறுவடை முடிந்து ஒரு பெரியவர் வந்து நிற்பார். என்னைவிட ஐம்பது வயது மூத்தவர். "சின்ன நயினாரே, இன்னும் எவ்ளோ நிக்குது?" என்பார். நான் கூட்டிச் சொல்வேன். "சரிங்க" என்று கைநாட்டு வைத்துவிட்டுப் போவார். கூட்டலில் ஒரு பைசா தப்பு இருக்காது, சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் எடை போட்டது எங்கள் தராசு. அன்றைய விலை இது என்று சொன்னது எங்கள் அப்பா. அந்தப் பெரியவர் பேரேட்டை ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை. காட்ட வேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை. துப்பாக்கியும் வேட்டையும் எங்கள் ஊரில் இல்லை. ஒன்றையும் இன்னொன்றையும் சமமாக்கவில்லை. ஆனால் "சரிங்க" என்ற அந்தக் குரலை, மிசிசிப்பிக்காரர்கள் பாடும்போது அடி முடிகிற இடத்தில் நான் கேட்கிறேன்.

பாட்டில் இதையெல்லாம் நேராகச் சொல்லியிருக்கிறார்களா என்றால், அதிகம் இல்லை. சொன்னால் ஊரில் இருக்க முடியாது. 1947இல் ஆலன் லோமாக்ஸ் நியூயார்க்கில் மூன்று ப்ளூஸ் கலைஞர்களை உட்கார வைத்து, முதலாளி, கங்காணி, சிறைப்பண்ணை பற்றியெல்லாம் மனம் திறந்து பேச வைத்துப் பதிவு செய்தார். போட்டுக் காட்டியதும் அவர்களே நடுங்கிப் போனார்கள். ஊரில் இருக்கும் சொந்தபந்தங்களுக்கு ஆபத்து வரும் என்றார்கள். 1959இல் வெளிவந்தபோது அவர்கள் பெயரை மறைத்துத்தான் வெளியிட்டார்கள். பெயர் போட முடிந்தது மூவரும் காலமான பிறகே.

இசைத்தட்டு வியாபாரத்திலும் இதே பேரேடுதான். 1920இல் மேமி ஸ்மித் பாடிய ப்ளூஸ் தட்டு அமோகமாக விற்றதும் கம்பெனிகள் ஓடி வந்தன. அதில் பாரமவுண்ட் என்ற கம்பெனியின் தாய், விஸ்கான்சினில் நாற்காலி செய்கிற ஆலை! கிராமபோன் பெட்டி விற்க வேண்டும், அதற்குத் தட்டும் வேண்டும் என்று இந்தத் தொழிலுக்கு வந்தவர்கள். பாடகருக்குப் பெரும்பாலும் தட்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை; அதோடு சரி. அப்படியும் அவர்கள் மெழுகில் பிடித்து வைக்காவிட்டால் சார்லி பேட்டன் குரல் நமக்குக் கிடைத்திருக்காது. நன்றியும் ஆத்திரமும் சேர்ந்தே வருகிறது.

பேட்டன் 1929இல் பாடிய வெள்ளப் பாட்டு ஒன்று உண்டு. 'ஹை வாட்டர் எவ்ரிவேர்' என்று பெயர், இரண்டு பக்கத் தட்டு. தண்ணீர் ஊர் ஊராக வருகிறது. அவர் ஓடிக்கொண்டே இருக்கிறார். நடுவே, மேட்டு நிலத்துக்குப் போகலாம் என்றால் அங்கே விடமாட்டேன் என்கிறார்கள் என்ற பொருளில் ஒரு இடம். வெள்ளத்தில் தவிப்பவனை மேட்டுக்குப் போகாதே என்று யார் தடுப்பார்? பல வருஷம் எனக்குப் புரியவில்லை. ஜான் பாரி 1997இல் எழுதிய 'ரைசிங் டைட்' நூலைப் படித்தபோது மற்ற பாதி கிடைத்தது.

1927 ஏப்ரல் 21 அன்று, கிரீன்வில் நகருக்கு வடக்கே மவுண்ட்ஸ் லேண்டிங்கில் மிசிசிப்பிக் கரை உடைந்தது. அந்த ஆண்டு வெள்ளத்தில் மொத்தம் 27,000 சதுர மைல் நிலம் மூழ்கியது. ஆறு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வீடிழந்தார்கள். கிரீன்வில்லில் சுமார் 13,000 கறுப்பினத்தவர் கரை மேட்டில் ஒண்டினார்கள். ஏற்றிப்போகப் படகுகள் வந்தன. நிவாரணக் குழுத் தலைவரான வில் பெர்சி எல்லோரையும் அனுப்பத்தான் நினைத்தார். அவர் தகப்பனார் லெராய் பெர்சி, பெரிய பண்ணைக்காரர், தடுத்துவிட்டார். போனவர்கள் திரும்பி வரமாட்டார்கள், அப்புறம் பருத்திக்கு ஆள் ஏது என்பதே கவலை. வெள்ளையர்கள் படகேறினார்கள். மற்றவர்களைத் துப்பாக்கிக் காவலுக்குள் வைத்து, கழுத்தில் அட்டை மாட்டி, வேலை செய்தால்தான் சோறு என்றார்கள். அவர்கள் பெயரில் பண்ணைப் பேரேட்டில் பாக்கி நின்றது என்பதையும் நினைத்துப் பாருங்கள்! நூலைப் படித்தபின் பேட்டனைப் போட்டேன். அந்த ஒரு இடம் வந்ததும் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

சரித்திரம் பாட்டைத் திருத்தவும் செய்யும். பெஸ்ஸி ஸ்மித் பாடிய வெள்ளப் பாட்டும் இதே வெள்ளத்தைப் பற்றியது என்று நம் சங்கக் கூட்டத்தில் நானே அடித்துப் பேசியிருக்கிறேன். தேதியைப் பார்க்காத தப்பு. அதைப் பதிவு செய்தது 1927 பிப்ரவரி 17. கரை உடைந்ததோ ஏப்ரலில். அதற்கு முந்தைய கிறிஸ்துமஸில் நாஷ்வில்லில் வந்த வெள்ளமே அதன் பின்னணி என்று ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். அன்று கைதட்டியவர்கள் மன்னிக்க வேண்டும்.

பெர்சி பயந்தது நடக்காமல் இல்லை. 1915 முதல் 1970 வரை சுமார் 60 லட்சம் பேர் தெற்கை விட்டு வடக்கே போனார்கள். தடுக்கப் பார்த்தார்கள், ஜார்ஜியாவின் மேக்கன் நகரம் ஆள்பிடிக்கும் ஏஜெண்டுகளுக்கு 25,000 டாலர் லைசென்ஸ் கட்டணம் வைத்தது. நாமும் ரயிலேறி வந்தவர்கள்தான், ஆனால் தாதர் எக்ஸ்பிரஸில் ஏறவிடாமல் நம்மை யாரும் இழுத்து இறக்கியதில்லை. மடி வாட்டர்ஸ் ஸ்டோவல் பண்ணையில் டிராக்டர் ஓட்டினார். மணிக்கு இருபத்திரண்டரை சென்ட் கூலியை 25 ஆக்கச் சொல்லிக் கேட்டார். கங்காணி முடியாது என்றார். 1943இல் சிகாகோவுக்கு ரயிலேறிவிட்டார். அங்கே இரைச்சலில் கேட்க வேண்டுமே என்று கிதாருக்கு மின்சாரம் கொடுத்தார்கள். ரிதம் ஹவுஸில் என் காலைப் பிடித்தது அந்த இரண்டரை சென்ட் என்று இப்போது தெரிகிறது.

கேட்க விரும்பும் இளைஞர்களுக்கு: மடி வாட்டர்ஸில் ஆரம்பியுங்கள், சுலபம். பேட்டனுக்கு அவசரப்படாதீர்கள். பாரமவுண்ட் தட்டுகள் மட்டமானவை. முதல் தடவை தகரக்கொட்டகையில் மழை பெய்கிற சத்தம்தான் கேட்கும். மிசிசிப்பி வரைபடம் ஒன்றை மடியில் விரித்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் தடவையில் இரைச்சலுக்குள்ளிருந்து ஊர்ப் பெயர்கள் பிரிந்து வரும்: லீலண்ட், கிரீன்வில், ரோஸ்டேல், விக்ஸ்பர்க். விரலை அந்தந்த ஊரில் வைத்தபடியே கேளுங்கள்.