எண்பது சதுரங்களும் ஒரு அரக்குச் சாரமும்



சென்ற பனிக்காலம் முழுவதும் சனிக்கிழமை பின்னேரங்களில் ஆலய மண்டபத்தின் கீழ்த்தளத்தில் ஒன்பது பேர் கூடி ஒரு குவில்ற் தைத்தோம். அதைப் பார்த்தவர்களில் பலர், "துணியையும் நிறத்தையும் எப்படித் தெரிவு செய்தீர்கள்?" என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பிழை விட்ட இடங்களையும் மறைக்கவில்லை, அவைதான் உங்களுக்கு உதவும்.

நம் சபையின் மூத்தவர்களில் ஒருவரான அம்மம்மா சென்ற ஆண்டு முதியோர் பராமரிப்பு இல்லத்துக்குப் போனார். சக்கர நாற்காலியில் இருக்கும்போது முழங்கால் குளிர்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். அவருடைய பேத்தி நம் வாலிபர் குழுவில் இருக்கிறாள். ஒருநாள் அவள் ஒரு பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். உள்ளே காலஞ்சென்ற அம்மப்பாவின் நான்கு சாரங்கள்: கருநீலத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு போட்டது, கரும்பச்சைக் கட்டம், மண்ணிறக் கட்டம், அரக்குச் சிவப்பு. கூடவே அம்மம்மா ஒரு சொல்லும் சொல்லி அனுப்பியிருந்தார்: "வெட்டுறதெண்டால் வெட்டுங்கோ. அலுமாரிக்குள்ள வைக்கிற சாமானாத் தரவேண்டாம். நான் போர்க்கவேணும்."

பிறகு நாங்கள் எடுத்த முடிவுகள் எல்லாம் இந்தச் சொல்லுக்குள் அடங்கியவை.

குவில்ற் என்பது மூன்று அடுக்கு. மேலே துண்டுகளை இணைத்த துணி, நடுவில் பஞ்சுத் தகடு, அடியில் ஒரு துணி, மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் தையல். எங்கள் அளவு 36 அங்குலம் அகலம், 45 அங்குலம் நீளம். இதைவிடப் பெரிதானால் நாற்காலிச் சில்லில் சிக்கும். 5 அங்குலச் சதுரமாக வெட்டி, ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போனால் நாலரை அங்குலம் மிஞ்சும். எட்டு வரிசை, பத்து வரிசை, மொத்தம் 80 சதுரம். நாற்பது சாரத்திலிருந்து, நாற்பது கடைத்துணியிலிருந்து, சதுரங்கப் பலகை போல மாறி மாறி.

கடைக்குப் போனபோதுதான் முதல் பிழை. ஆளாளுக்குப் பிடித்த நிறத்தை எடுத்தோம். ஊதா, மயில்நீலம், கிளிப்பச்சை, செம்மஞ்சள். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் கொள்ளை அழகு. மண்டபத்துக்கு வந்து சாரங்களின் பக்கத்தில் விரித்துப் போட்டால் ஒரே குழப்பம், சாரம் எது, வாங்கியது எது என்றே கண்ணுக்குப் பிடிபடவில்லை. தம்பி ஒருவன் போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துக் காட்டினான். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சாம்பல்! நிறங்கள் வேறு வேறு, வெளிச்சம் மட்டும் ஒன்று. குவில்ற்றில் கோலத்தைக் காட்டுவது முதலில் நிறமல்ல, எது வெளிர், எது கடும் என்ற வித்தியாசம்தான். ஆகவே கடையிலேயே துணிகளை அடுக்கிவைத்து, பத்தடி பின்னால் போய்க் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். இல்லையென்றால் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுங்கள். அளந்து வெட்டிய துணியைக் கடைகள் பெரும்பாலும் திருப்பி எடுப்பதில்லை என்பதையும் அன்றே படித்தோம்.

அம்மம்மாவின் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். வயதாக ஆகக் கண்வில்லை மஞ்சளாகும். நீலம், பச்சை, ஊதா ஆகியவற்றைப் பிரித்துப் பார்ப்பது கடினமாகும். கருநீலச் சாரமும் கரும்பச்சைச் சாரமும் அவருக்கு ஒன்றாகவே தெரியக்கூடும். ஆனால் கருநீலத்தின் பக்கத்தில் பால்வெள்ளை இருந்தால் இரண்டும் தெளிவாகத் தெரியும். இரண்டாம் முறை மூன்றே துணி வாங்கினோம்: வெறும் பால்வெள்ளை, வெளிர்மஞ்சளில் சின்னப் பூ, இளநீலத்தில் கோடு. சாரம் முழுக்கப் பெரிய கட்டம் என்பதால் மற்றதில் வேலைப்பாடு சிறிதாக இருக்கவேண்டும், இடையில் கண் ஆறுவதற்கு வெறும் துணியும் வேண்டும். முதலில் வாங்கிய ஊதாவும் பச்சையும் வீணாகவில்லை, அவற்றை இணைத்து அடித்துணி ஆக்கினோம்.

எல்லாம் ஆயத்தமானபின் சாரத்தில் கத்தரி வைக்க ஒருவருக்கும் கை வரவில்லை. பேத்தி எழும்பி வெளியே போய்விட்டாள். அன்று துணியை மடித்துவைத்துவிட்டு, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்ற ஊரின் குவில்ற் படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். ஆற்று வளைவுக்குள் ஒதுங்கிய, பருத்திக்காட்டில் உழைத்த கறுப்பின மக்களின் ஊர் அது. அங்கே மிசூரி பெட்வே என்ற பெண் 1942 இல், இறந்துபோன கணவனின் வேலை உடுப்புகளை வெட்டி ஒரு குவில்ற் தைத்தார். அவரை நினைத்துக்கொள்ளவும் அதைப் போர்த்துக்கொள்ளவும்தான் தைத்தார் என்று பின்னாளில் மகள் சொல்லியிருக்கிறார். அந்த ஊர்க் குவில்ற்றுகள் 2002 இல் நியூயோர்க்கின் விற்னி அருங்காட்சியகத்தின் சுவரில் தொங்கின, 2006 இல் அமெரிக்க முத்திரைகளில் வந்தன. முழங்கால் தேய்ந்து வெளிறிய துணியைக்கூட அந்தப் பெண்கள் ஒரு நிறமாகவே பாவித்திருக்கிறார்கள். அடுத்த கிழமை முதல் வெட்டைப் பேத்தியே வெட்டினாள்.

பழைய துணியை வெட்டுமுன் யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சாரத்தில் இருக்கும் இடம் சல்லடையாகத் தேய்ந்திருக்கும், கரைப்பக்கம் புதிதுபோல இருக்கும். நல்ல இடத்தில் வெட்டினோம். கொஞ்சம் மெலிந்த துண்டுகளுக்குப் பின்பக்கம், அயன் சூட்டில் ஒட்டும் மெல்லிய ஒட்டுத்துணி வைத்தோம். அம்மம்மாவின் கூறைச்சேலையிலிருந்தும் ஒரு துண்டு வைக்கலாம் என்று ஒரு தங்கச்சி சொன்னாள். நல்ல எண்ணம்தான், ஆனால் பட்டு இல்லத்துச் சலவையில் ஒரு மாதம் தாங்காது, சரிகை வயதானவரின் தோலை உரசும். பொலியெஸ்ரரும் பருத்தியும் கலந்தால் ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது. முழுக்கப் பருத்தி என்றே முடிவெடுத்தோம்.

அடுத்தது சாயம். 1960களில் அமெரிக்கக் கடைகள் மெட்ராஸ் கட்டத் துணியைச் சாயம் போவதே அதன் சிறப்பு என்று விளம்பரம் செய்து விற்றன. சட்டையில் அது நாகரிகமாக இருக்கலாம், பால்வெள்ளைச் சதுரத்தின் பக்கத்தில் முடியாது. நான்கு சாரத்தையும் பச்சைத் தண்ணீரில் தனித்தனியே ஊறவைத்தோம், ஒன்றும் போகவில்லை. நிம்மதியாக இருந்த நேரத்தில் பேத்தி கேட்டாள்: "அக்கா, அங்க சுடுதண்ணியிலதானே தோய்ப்பினம்?" நான் அதை யோசிக்கவேயில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு சின்னத் துண்டு வெட்டி, வெள்ளைத்துணித் துண்டோடு சேர்த்து, சவர்க்காரம் கலந்த சுடுதண்ணீர்க் கிளாஸில் அரை மணிநேரம் போட்டோம். மூன்று கிளாஸில் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. அரக்குச் சாரத்தின் கிளாஸில் வெள்ளைத் துணி றோஸ் நிறம்.

அரக்கை விட்டுவிட்டால் மீதி மூன்றும் குளிர்ந்துபோன நிறங்கள், குவில்ற் சோகமாகத் தெரிந்தது. பூப்போட்ட துணியின் கரையில் பார்த்தால் சின்னச் சின்ன வட்டங்கள் இருந்தன. அச்சடிக்கும்போது பாவித்த ஒவ்வொரு நிறத்தையும் பல துணிகளில் அப்படிக் கரையில் போட்டிருப்பார்கள். அதில் ஒரு வட்டம் ஏறக்குறைய அந்த அரக்கு. கரைத்துண்டைக் கடைக்குக் கொண்டுபோய், அதே நிறத்தில் சாயம் போகாத பருத்தி வாங்கி, நாலு பக்கமும் ஓரப்பட்டி வைத்தோம். கால் அங்குலப் பட்டிதான், ஆனாலும் முழுத் துணியும் சூடேறியது போல இருந்தது.

கொடுக்கப் போனபோது அரக்குச் சாரத்தையும் தோய்த்து மடித்துக் கொண்டுபோனோம். குவில்ற்றை மடியில் விரித்ததும் அம்மம்மா விரலால் சதுரங்களைத் தடவிக்கொண்டே போய்க் கருநீலத்தில் நின்றார். பிறகு மடித்த சாரத்தைப் பார்த்தார்.

"இதை ஏன் பிள்ளை வெட்டேல்லை?"

"சாயம் போகுது அம்மம்மா."

"அது வாங்கின நாளிலயிருந்து போறதுதான்," என்று சிரித்தார். "அவற்றை வெள்ளைப் பெனியன் எல்லாம் றோஸ் நிறம்."

அந்தச் சாரம் இப்போது அவருடைய தலையணைக்குக் கீழே இருக்கிறது. குவில்ற் இதுவரை நான்கு முறை சலவைக்குப் போய் வந்துவிட்டது.