எழுதியவர் யார், பணம் தந்தவர் யார்?

வெள்ளவத்தையில் தட்டச்சு செய்து கொடுக்கும் கடைகளுக்கு ஒரு காலத்தில் நல்ல கிராக்கி இருந்தது. ஆய்வு செய்த வைத்தியர் தன் கைப்பிரதியைக் கொண்டுவந்து கொடுப்பார். தட்டச்சாளர் எழுத்துப்பிழை பார்ப்பார். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவரென்றால் வசனத்தையும் செப்பனிடுவார். நோயாளியைப் பார்த்ததும் முடிவைச் சொன்னதும் வைத்தியரே. 1887 முதல் வெளிவரும் சிலோன் மெடிக்கல் ஜேர்னலில் அது அச்சேறினால், பிழைக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே.

குறை அன்றும் இருந்தது. ஆய்வில் கைவைக்காத பெரியவரின் பெயரை மரியாதைக்காகச் சேர்ப்பது பல நாடுகளிலும் வழக்கம். பின்னர் இன்னொரு குறையும் சேர்ந்தது: எழுதியவரின் பெயரே காணாமற்போனது.

அமெரிக்காவின் வையத் கம்பனி, மாதவிடாய் நின்ற பெண்களுக்கான ஹோர்மோன் மாத்திரையை விற்றது. அதற்குச் சாதகமான கட்டுரைகளை டிசைன்ரைட் என்ற நிறுவனத்துக்குக் காசு கொடுத்துத் தயாரிப்பித்தது. அவை பேராசிரியர்களின் பெயரில் வெளிவந்தன. அந்த மாத்திரை மார்புப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டுகிறது என்று 2002இல் பெரிய ஆய்வொன்று காட்டியது. அதன் பின்பும் இந்த வேலை நிற்கவில்லை. 2009இல் நீதிமன்ற ஆவணங்கள் வெளியானபோதே முழு விபரமும் அம்பலமானது.

இதழ்களில் வருவதை நம்பித்தான் வைத்தியர் மருந்தெழுதுகிறார். அவரை நம்பித்தான் கொட்டாஞ்சேனைப் பாமசியில் ஒரு தாய் துண்டை நீட்டுகிறார்.

இன்று விதிகள் தெளிவாக இருக்கின்றன. ஆய்விலும் எழுத்திலும் பங்குகொண்டு, இறுதிப் பிரதியை ஏற்று, அதற்குப் பொறுப்பும் ஏற்பவரே ஆசிரியர் என்கிறது சர்வதேச மருத்துவ இதழாசிரியர் குழு. எழுத்துதவி செய்தவரை நன்றிப் பகுதியில் சொல்ல வேண்டும். செயற்கை நுண்ணறிவு ஆசிரியராக முடியாது, பயன்படுத்தினால் வெளிப்படுத்த வேண்டும் என்பதை 2023இல் சேர்த்தார்கள். இலங்கை மருத்துவச் சங்கம் 2006இல் தொடங்கிய மருத்துவப் பரிசோதனைப் பதிவேடும், ஓர் ஆய்வு எதற்காகத் தொடங்கியது, யார் செலவில் நடந்தது என்பதைப் பொதுவில் வைக்கிறது.

உதவி பெறுவது குற்றமில்லை. ஆங்கிலத்தில் எழுதத் தடுமாறும் நமது இளம் வைத்தியர்களுக்கு நேர்மையான தொழில்முறை எழுத்தாளர் பெருந்துணை. உதவியை மறைப்பதும், அதற்குக் காசு கொடுத்தவரை மறைப்பதும்தான் நோயாளிக்குச் செய்யும் துரோகம். ஆகவே மேற்பார்வையாளர்கள் மாணவரிடம் முதல் வரைவிலேயே இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்: எழுதியது யார், பணம் தந்தது யார்? அந்தப் பதில்கள் கட்டுரையோடு சேர்ந்தே அச்சாக வேண்டும்.