எண்ணெய்களின் சரித்திரம் – 9: மணமும் காவலும்

ஆஸ்திரேலியாவில், நியூ சௌத் வேல்ஸ் மாநிலத்தின் வடகிழக்குக் கோடியில், ரிச்மண்ட் நதியோடு வந்து கலக்கும் பங்காவால்பின் ஓடையின் இருமருங்கும் பரந்து கிடக்கும் சதுப்பு நிலத்தில், தாள்தாளாக உரியும் பட்டையும் ஒடுங்கிய இலையும் உடைய ஒருவகைச் சிறுமரம் தோப்புத் தோப்பாக நிற்கிறது. தாவர சாஸ்திரிகள் அதை மெலலூக்கா ஆல்டர்னிஃபோலியா என்பர். அதன் இலையிலிருந்து எடுக்கும் தைலத்துக்குக் கடைத்தெருவில் டீ ட்ரீ ஆயில் என்று பெயர். பெயரைக் கேட்டு நம் நீலகிரித் தேயிலையை நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை. யூகலிப்டஸும் நாவலும் கிராம்பும் பிறந்த குடும்பத்தில் பிறந்தது இந்த மரம். அப்பிரதேசத்தின் ஆதிகுடிகளாகிய பன்ஜலுங் மக்கள், வெள்ளையர் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே, இதன் இலையைக் கசக்கி ஜலதோஷத்துக்கு முகர்ந்தும், நசுக்கிப் புண்ணின்மேல் வைத்தும் பயன்கொண்டு வந்தார்கள்.

அவர்கள் அனுபவத்தால் அறிந்ததை அளவுகோலிட்டு அளந்தவர் ஆர்தர் பென்ஃபோல்டு என்னும் ரசாயன நிபுணர். சிட்னி நகரத்துத் தொழிற்கலைக் காட்சிசாலையில் உத்தியோகம் வகித்த அவர், தம் நாட்டுக் காட்டுமரங்களின் தைலங்களையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வாலையிலிட்டு வடித்துப் பரீட்சித்துவந்த காலத்தில், 1920-களின் நடுப்பகுதியில், இந்தத் தைலம் கார்பாலிக் அமிலத்தைக் காட்டிலும் பதினொரு மடங்கு கிருமிநாச சக்தி உடையது என்று கண்டு வெளியிட்டார். அக்காலத்தில் கார்பாலிக் அமிலமே சத்திர சிகிச்சைக்காரர்களின் பெருந்துணையாக இருந்ததென்பதையும், அது புண்ணிலுள்ள கிருமியோடு சதையையும் சேர்த்தே எரிக்கும் ஸ்வபாவம் உடையதென்பதையும் நினைத்துப் பார்த்தால், சதைக்குத் தீங்கின்றிக் கிருமியை மட்டும் ஒழிப்பதாகத் தோன்றிய ஒரு தைலத்தை அந்நாட்டு வைத்திய உலகம் எத்தனை ஆவலோடு வரவேற்றிருக்கும் என்பது விளங்கும்.

பென்ஃபோல்டு கையாண்ட முறைக்கு ரிடீல்–வாக்கர் பரீட்சை என்று பெயர். 1903-ல் பிரிட்டனில் வகுக்கப்பட்டது. தெளிந்த நீரில் மருந்தைக் கரைத்து, அதில் டைபாய்டு கிருமியை விட்டு, கார்பாலிக் அமிலம் செய்யும் அதே காரியத்தை அதைவிட எத்தனை மடங்கு நீர்த்த நிலையிலும் இந்த மருந்து செய்கிறது என்று பார்ப்பது அதன் சாரம். தெளிந்த நீரில் நடந்த பரீட்சை என்பதை வாசகர்கள் தயவுசெய்து மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இந்த அத்தியாயம் முழுவதும் அதைப் பற்றியதுதான்.

இன்று காப்புச் சரக்கே சேராதது, அதாவது பிரிசர்வேட்டிவ் அற்றது, என்று பெருமையோடு அச்சிட்ட டப்பாக்களில் முகப்பூச்சும் கைப்பூச்சும் விற்கிறார்கள். வீட்டிலேயே செய்து விற்கும் பெண்மணிகளும் பலர். அவர்களை நான் குறைகூற வரவில்லை. தம் பிள்ளைகளின் தோலில் எதைப் பூசுகிறோம் என்று கவலைப்படுவோர் அவர்கள். அவர்கள் கேட்கும் கேள்வி நியாயமானது: டீ ட்ரீயும் ஓமமும் கிராம்பும் கிருமியைக் கொல்லும் என்று விஞ்ஞானமே ஒப்புக்கொண்டிருக்க, அந்தத் தைலத்தில் நாலு துளி சேர்த்த பூச்சுக்கு வேறு காப்பு எதற்கு?

கொல்லும் என்பதில் சந்தேகமில்லை. டீ ட்ரீ தைலத்தில் பெரும்பங்கு வகிக்கும் டெர்பினென்-4-ஆல் என்னும் பதார்த்தம், கிருமியின் கொழுப்பாலான மெல்லுறைக்குள் புகுந்து அதன் கட்டுக்கோப்பைத் தளர்த்திவிட, உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே கசிந்து, மூச்சோட்டம் நின்று, கிருமி மடிகிறது. 1990-ல் சிட்னி மருத்துவர்கள் 124 முகப்பரு நோயாளிகளிடம் 5 சதவீத டீ ட்ரீ தைலத்தையும் 5 சதவீத பென்சாயில் பெராக்சைடையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, தைலம் மெதுவாகவே வேலை செய்தாலும் குணம் தந்தது என்றும், எரிச்சல் குறைவென்றும் கண்டார்கள். நம் ஓமத்தின் பெருமையும் இதற்குக் குறைந்ததன்று. ஓமத் தைலத்தின் உயிர்நாடியாகிய தைமால், முதல் உலக யுத்தத்துக்கு முன்பு, இந்தியாவிலிருந்து கப்பலேறிய ஓமத்திலிருந்தே ஜெர்மானியத் தொழிற்சாலைகளில் பிரித்தெடுக்கப்பட்டு உலகெங்கும் மருந்தாகப் போயிற்று.

ஆனால், தோலிலுள்ள பருவைக் குணப்படுத்துவது ஒரு காரியம். டப்பாவிலுள்ள பூச்சை மாதக்கணக்கில் கெடாமற் காப்பது முற்றிலும் வேறொரு காரியம். பூச்சு என்பது பெரும்பாலும் எண்ணெயும் நீரும் ஒன்றில் ஒன்று நுண்துளிகளாகக் கலந்து நிற்கும் கலவை. கிருமிக்கு உயிர் வாழ நீர் வேண்டும். ஆகவே அது நீர்ப்பகுதியிலேதான் வளர்கிறது. வாசனைத் தைலமோ நீரை விரும்பாத பொருள். ரசத்தில் தாளித்துக் கொட்டிய நெய்யிலேயே பெருங்காய வாசனை தங்கி நிற்பதுபோல, அது எண்ணெய்ப் பகுதியிலேயே போய் அடைந்துகொள்கிறது. போதாக்குறைக்கு, எண்ணெயையும் நீரையும் இணைத்து வைப்பதற்காகச் சேர்க்கும் இணைப்புச் சரக்குகள், தைலத்தின் ஒரு பங்கைத் தம்முள் பொதிந்து முடக்கிவிடுகின்றன. பகைவன் ஒரு பக்கமும் காவலன் மறுபக்கமுமாகப் பிரிந்து நிற்கும் இந்த நிலைமை, பென்ஃபோல்டின் தெளிந்த நீர்ப் பரீட்சையில் எழுவதற்கே இடமில்லை. பதினொரு மடங்கு என்ற அந்த எண் பொய்யன்று. ஆயினும் நம் டப்பாவைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

இதனினும் கவலைக்குரிய விஷயம் ஒன்று உண்டு. எல்லாக் கிருமிகளும் இந்தத் தைலத்துக்கு ஒரே விதமாகப் பணிவதில்லை. தோலில் சீழ்ப்புண் உண்டாக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் கிருமியை அடக்க அரை சதவீதம் முதல் ஒன்றேகால் சதவீதம் வரை டீ ட்ரீ தைலம் போதுமென்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. சூடோமோனாஸ் ஏருஜினோஸா என்னும் கிருமிக்கோ 1 சதவீதம் முதல் 8 சதவீதம் வரை வேண்டியிருக்கிறது. இந்த சூடோமோனாஸ், தண்ணீர்க் குழாயிலும் குளியலறை ஈரத்திலும் அற்பமான உணவைக்கொண்டு பல்கிப் பெருகும் ஜீவன். அதற்கு மேலுமோர் உறை உண்டு. அதையும் தாண்டி உள்ளே புகும் வேண்டாத பொருளை வெளியே இறைத்துத் தள்ளும் யந்திர அமைப்பும் அதன் உடலிலேயே உண்டு. நீர் கலந்த பூச்சை அதிகமாகத் தாக்கக்கூடிய கிருமி எதுவோ, அதுவே தாவரத் தைலத்துக்கு மிகக் குறைவாக அஞ்சுவதாக இருக்கிறது. எட்டு சதவீதம் தைலம் கலந்த முகப்பூச்சை, அதன் நெடியையும் எரிச்சலையும் பொறுத்து, தினம் பூசிக்கொள்வார் யார்?

கெட்டுப்போன பூச்சினால் என்ன பெரிய ஆபத்து வந்துவிடும், துர்நாற்றம் வந்தால் வீசி எறிந்துவிடலாமே என்று எண்ணுவோர் உண்டு. லட்சக்கணக்கான கிருமிகள் குடியேறிய பின்பும் நிறமும் மணமும் மாறாத பூச்சுகள் உண்டு என்பதே அதற்கு விடை. 1966-ல் லண்டனிலிருந்து வெளிவரும் லான்செட் பத்திரிகையில், சூடோமோனாஸ் குடிபுகுந்த ஸ்டீராய்டு பூச்சைப் பற்றி நோபிளும் சாவினும் எழுதியதும், 1977-ல் அமெரிக்காவில் வில்சனும் அஹர்னும் அசுத்தப்பட்ட கண்மையினால் கருவிழியில் புண் ஏற்பட்ட பெண்களைப் பற்றி எழுதியதும் வைத்திய உலகம் மறக்காத விஷயங்கள். 2006-ல் பார்சிலோனா நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நோயாளிகளுக்குப் பர்க்ஹோல்டீரியா செபேசியா என்னும் கிருமித் தொற்று கண்டு, எங்கிருந்து வந்ததென்று தேடிக்கொண்டு போனபோது, அவர்கள் மேனியில் பரிவோடு தடவிய ஈரப்பூச்சே பிறப்பிடமாக இருந்தது.

காப்புச் சரக்குகளின்மேல் ஜனங்களுக்கு அச்சம் வந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லி மேலே போகிறேன். 2004-ல் ரீடிங் பல்கலைக்கழகத்து டாக்டர் பிலிப்பா டார்ப்ரே, மார்புப் புற்றுநோய்க் கட்டிகள் இருபதை ஆராய்ந்து, அவற்றில் பாராபென் என்னும் காப்புச் சரக்கு இருப்பதைக் கண்டார். ஆரோக்கியமான சதையோடு ஒப்பிடாத ஆராய்ச்சி அது. பாராபெனால்தான் நோய் வந்தது என்று அந்தக் கட்டுரை நிரூபிக்கவுமில்லை. ஆயினும் உற்பத்தியாளர்கள் பாராபெனைக் கைவிட்டு மெத்தில்ஐசோதியசோலினோன் என்ற சரக்கிடம் ஓடினார்கள். அதனால் ஐரோப்பாவெங்கும் தோல் ஒவ்வாமை கொள்ளைநோய்போல் பரவ, 2017 முதல் பூசிக் கழுவாமல் விடும் பொருள்களில் அதைச் சேர்க்கலாகாதென்று ஐரோப்பிய ஒன்றியம் தடை விதிக்கும்படி ஆயிற்று. 2019-ல் அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கம், ஒவ்வாமை உண்டாக்காத பொருள் என்று எடுத்துக்காட்டிச் சிறப்பித்தது பாராபெனையே.

இயற்கைக் காப்பு என்ற பெயரால் நடந்த மற்றொரு சம்பவம் இதைவிடப் படிப்பினை தருவது. பம்பளிமாஸுக்கு உறவான கிரேப்ஃப்ரூட் பழத்தின் விதைச் சாறு, பூச்சுகளைக் கெடாமற் காக்கும் தாவரச் சரக்கென்று உலகெங்கும் புகழ்பெற்றிருந்த காலத்தில், ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் கடையில் விற்ற ஆறு சாறுகளை வாங்கிப் பரீட்சித்து 1999-ல் முடிவை வெளியிட்டார்கள். ஐந்து சாறுகள் கிருமியை அடக்கின. அந்த ஐந்திலும் பென்செதோனியம் குளோரைடு என்ற செயற்கைக் கிருமிநாசினி கலந்திருந்தது. கலப்பில்லாத ஆறாவது சாறு எந்தக் கிருமியையும் அடக்கவில்லை. செயற்கைப் பொருளை விட்டு விலக நினைத்து, அதிக விலை கொடுத்து அதையே வாங்கிப் பூசிய தாய்மார்களை நினைக்கையில் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

அப்படியானால், காப்புச் சரக்கின்றிப் பூச்சே செய்ய முடியாதா என்றால், முடியும். நம் முன்னோர் செய்தார்கள். ஆனால் அவர்கள் நம்பியது மணத்தையன்று, நீரின்மையை. தைலம் காய்ச்சும் சித்த வைத்தியர், அடியில் தங்கும் கற்கத்தை விரலிடையில் உருட்டி மெழுகு பதமா மணற் பதமா என்று தெளிவதும், திரியைத் தைலத்தில் நனைத்துச் சுடரில் காட்டி, சடசட என்ற ஓசை எழாமல் எரிந்தால்தான் இறக்குவதும், நீர் முற்றிலும் வற்றிவிட்டதா என்று அறியும் பரீட்சைகளே அல்லவா? நீரற்ற எண்ணெயில் கிருமி பெருக வழியில்லை. நலங்கு மாவும் குளியல் பொடியும் உலர்ந்த நிலையிலேயே டப்பாவில் இருந்தன. வேண்டிய அளவை வேண்டிய பொழுதில் நீரோ தயிரோ விட்டுக் குழைத்தார்கள், மீந்ததை எடுத்து வைக்கவில்லை. சந்தனத்தை அன்றன்றைக்கே இழைத்தார்கள்.

தேங்காயெண்ணெயின் கதையும் இந்த இடத்தில் சொல்லத்தக்கது. அதன் கொழுப்பமிலங்களில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். கிளிசரினோடு கட்டுப்பட்ட நிலையில் அது கிருமியை ஒன்றும் செய்வதில்லை. தோலில் வாழும் நுண்ணுயிர்களின் நொதிகள் அதைக் கிளிசரினிலிருந்து பிரித்துவிட்டபோதுதான் கிருமியைத் தாக்குகிறது. பிலிப்பைன்ஸ் நாட்டுத் தோல் மருத்துவர் வெராயோ-ரோவெலும் அவருடைய சகாக்களும் கரப்பான் நோயாளிகளிடம் நடத்தி 2008-ல் வெளியிட்ட பரீட்சையில், ஸ்டெஃபிலோகாக்கஸ் குடிகொண்டிருந்தவர்களுள் சுத்தமான தேங்காயெண்ணெய் பூசிய இருபது பேரில் ஒருவரிடம் மட்டுமே அது மிஞ்சிற்று. ஆலிவ் எண்ணெய் பூசிய பன்னிரண்டு பேரில் ஆறு பேரிடம் மிஞ்சிற்று. நீர் கலவாத ஓர் எண்ணெய், டப்பாவில் தானும் கெடாமல், மேனியில் போய்க் காவலும் செய்கிறது. காற்றுப் பட்டுச் சிக்கு வாடை வராமல் பார்த்துக்கொண்டால் போதும். ஈரக் கையை உள்ளே விடாதிருந்தால் இன்னும் நல்லது.

வாசனைத் தைலங்களை அவ்வாறு நாள்பட வைத்திருக்கலாகாது. திறந்த புட்டியில் வெளிச்சமும் காற்றும் பட்டால் டீ ட்ரீ தைலத்தின் கூறுகள் பிராணவாயுவோடு சேர்ந்து பெராக்சைடுகளாகத் திரிகின்றன. புதிய தைலத்தைப் பொறுத்த தோல், பழையதைப் பொறுக்காமல் தடித்துச் சிவக்கிறது. டீ ட்ரீ தைலத்தை உட்கொண்டால் குழந்தைகளுக்கு மயக்கமும் தள்ளாட்டமும் வரும். ஆகவே புட்டியை அவர்கள் கைக்கெட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

நீர் கலந்த பூச்சில் தாவரத் தைலத்துக்கு இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. சூடோமோனாஸின் வெளியுறையை இறுக்கிப் பிடித்திருக்கும் உலோக அணுக்களைப் பறித்துவிடும் சரக்கொன்றைக் கூடச் சேர்த்து, புளிப்புத்தன்மையைச் சரியாக அமைத்து, விரல் படாத பம்புக் குப்பியில் அடைத்தால், தைலமும் தன் பங்கைச் செய்து மற்றக் காப்பின் அளவைக் குறைக்க உதவும். எது உதவுகிறது, எது உதவவில்லை என்று அறிய உலகம் ஒப்புக்கொண்ட பரீட்சை ஒன்று இருக்கிறது. ஐஎஸ்ஓ 11930 என்று அதற்குப் பெயர். சூடோமோனாஸ், ஸ்டெஃபிலோகாக்கஸ், ஈ-கோலை, கேண்டிடா, ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் ஐவகை நுண்ணுயிர்களை வேண்டுமென்றே பூச்சினுள் விட்டு, 28 நாள் வரை எண்ணிப் பார்க்கிறார்கள். முதல் தரமான காப்பு என்று பெயரெடுக்க, பாக்டீரியாக்கள் ஏழாம் நாளுக்குள் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்க வேண்டும். பிறகு தலையெடுக்கவும் கூடாது. தெளிந்த நீரிலன்று, நாம் பூசப்போகும் அதே பூச்சில் நடக்கும் பரீட்சை அது.

ஆகவே வாசகர்களை, சிறப்பாகத் தாய்மார்களை, ஒன்று கேட்டுக்கொள்கிறேன். காப்புச் சரக்கில்லை என்று சொல்லும் டப்பாவை வாங்குமுன் அதன் பின்புறத்து ஜாபிதாவைப் படியுங்கள். அக்வா என்றோ, பன்னீர் என்றோ, கற்றாழைச் சாறென்றோ அதில் கண்டிருந்தால், 28 நாள் பரீட்சையின் முடிவைக் காட்டும்படி செய்தவரிடம் கேளுங்கள். காட்டுகிறவரிடம் தாராளமாக வாங்குங்கள். காட்டாதவரின் பூச்சைக் கைக்குழந்தையின் மேனியிலும், கண்ணருகிலும், ஆறாத புண்ணிலும் தடவாதீர்கள்.