மார்பக உள்வைப்பு அகற்றலும் மார்புத் தசைக் கோளாறுகளும்

மார்பக உள்வைப்பு அகற்றலுக்குப் பிந்தைய மார்புத் தசைக் கோளாறுகள் என்பவை, மார்பகத்தினுள் பொருத்தப்பட்ட சிலிக்கோன் அல்லது உப்புநீர்ப் பையை வெளியே எடுத்த பின்னர் மார்பிலும் தோளிலும் தோன்றும் வலி, வலுக்குறைவு, இறுக்கம், தசை இழுப்பு ஆகியவற்றைக் குறிக்கும். பையை எடுத்துவிட்டால் தசை தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். இது எல்லோருக்கும் பொருந்தாது. பை தசைக்கு மேலே இருந்ததா, அடியில் இருந்ததா என்பதே இங்கு முதன்மையான கேள்வி.

தசையும் பையும்

பெக்டோராலிஸ் மேஜர் என மருத்துவர்கள் அழைக்கும் பெரிய மார்புத் தசை, காறை எலும்பு, மார்பெலும்பு, விலாக் குருத்தெலும்புகள் ஆகியவற்றில் தொடங்கி, விசிறிபோல் குவிந்து மேற்கை எலும்பில் சென்று இணைகிறது. கையை உடலை நோக்கி இழுப்பதும், முன்னே தள்ளுவதும், உயர்த்திய கையைக் கீழே அழுத்துவதும் இதன் பணிகள்.

முதல் சிலிக்கோன் உள்வைப்பு 1962-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பொருத்தப்பட்டது. பையைத் தசைக்கு அடியில் வைக்கும் முறை பின்னாளில் பரவியது. இம்முறையில் தசையின் கீழ்ப்பகுதி விலா எலும்புகளிலிருந்து பிரிக்கப்படுகிறது. பிரிந்த விளிம்பு சன்னல் திரைபோல் மேலே சுருண்டு, அங்கேயே வடுவுடன் ஒட்டிக்கொள்வதுண்டு. மீதிப் பகுதி பல ஆண்டுகள் பையின்மீது இழுபட்டு மெலிகிறது. ஆகவே பையை எடுத்தாலும், வெட்டிய விளிம்பைத் திரும்ப நெஞ்சுச் சுவரில் தைக்காவிடில் அது பழைய இடத்திற்கு வருவதில்லை. அவ்விளிம்பு தோலோடு ஒட்டியிருந்தால், கையை அழுத்தும்போதெல்லாம் மார்பகத் தோல் உள்ளிழுக்கப்படும். தசைக்கு மேலே பை வைக்கப்பட்டோருக்கு இத்தொல்லை பெரும்பாலும் இல்லை.

அகற்றப்படும் சூழல்கள்

பையைச் சுற்றி உருவாகும் வடு உறை இறுகுதல், பை கிழிதல், தொற்று ஆகியவை வழக்கமான காரணங்கள். தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான சிலிக்கோனை நிரப்பி விற்ற பிரெஞ்சு நிறுவனமான பிப்பின் உள்வைப்புகள் 2010-இல் தடை செய்யப்பட்டன. 2011 திசம்பரில் அவற்றை அகற்றிக்கொள்ளுமாறு பிரான்சு அரசு பரிந்துரைத்தது.

தமிழகத்தில் 2018-இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அறுவைப் பிரிவு தொடங்கப்பட்டு, உள்வைப்பும் இலவசமாக அளிக்கப்படும் என அறிவிக்கப்பட்டது. பொதுப்பணத்தை இதற்குச் செலவிடலாமா என்ற விவாதமும் எழுந்தது. இலவசமாகப் பொருத்துவதைப் போலவே பிற்காலத்தில் அகற்றுவதும் இயன்முறை மருத்துவமும் கணக்கில் வரவேண்டியவை. உள்வைப்பு வாழ்நாள் முழுதும் நிலைப்பதன்று.

உடலுழைப்பும் தசையும்

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களைப் போன்ற வேளாண் பகுதிகளில், மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் உள்வைப்புப் பெற்று அதை அகற்ற நேர்ந்த ஒரு பெண்ணுக்கு இக்கோளாறு அழகு சார்ந்த குறை மட்டுமன்று. அடிகுழாயின் கைப்பிடியை அழுத்துவது, குடத்தை இடுப்பில் அணைப்பது, ஆட்டுக்கல்லில் மாவாட்டுவது, நெற்கட்டைத் தலைக்கு ஏற்றுவது ஆகிய எல்லாவற்றிலும் இத்தசை உழைக்கிறது. கதிர்வீச்சு பெற்ற மார்பில் தசை மேலும் விறைத்திருக்கும். கூலி வேலைக்கு விரைவில் திரும்ப வேண்டிய கட்டாயம் உள்ளவர், தசை ஆறுமுன் சுமை தூக்கினால் தையல் விட்டுப்போகலாம்.

மருத்துவம்

அகற்றும் அறுவையின்போதே தசையை மீண்டும் பொருத்துவது எளிது. பின்னர் செய்வதும் இயலும், ஆனால் வடுவினால் கடினமாகிறது. தோளை மெல்ல அசைக்கும் பயிற்சி மருத்துவர் அறிவுரைப்படி விரைவில் தொடங்கப்படும். பாரம் தூக்குவது பொதுவாக ஆறு வாரங்கள் வரை தவிர்க்கப்படுகிறது. தசை தைக்கப்பட்டிருந்தால் இன்னும் நீளலாம். விலாக்களோடு ஒட்டிய உறையை உரிக்கும்போது நுரையீரல் உறை கிழியும் அபாயம் அரிதாக உண்டு. எனவே திடீர் மூச்சுத்திணறல், காய்ச்சல், ஒருபக்க வீக்கம் ஆகியவற்றுக்கு உடனடியாக மருத்துவமனை செல்ல வேண்டும்.

பை எந்தத் தளத்தில் இருந்தது, உறை முழுதும் எடுக்கப்பட்டதா, தசை தைக்கப்பட்டதா என்னும் மூன்று செய்திகளும் நோயாளியின் விடுவிப்புச் சீட்டில் இருத்தல் நன்று. பல மாதங்கள் கழித்து வேறொரு மருத்துவமனையில் தோள்வலிக்காகச் செல்லும்போது, அங்குள்ள இயன்முறை மருத்துவர் முதலில் கேட்பது இவற்றைத்தான்.