ஸ்கூபா டைவிங்கில் மூச்சை அடக்கக் கூடாது... ஏன் தெரியுமா?

அந்தமானுக்கோ புதுச்சேரிக்கோ டூர் போகும் பலரின் பட்டியலில் இப்போது ஸ்கூபா டைவிங்கும் இருக்கிறது. கடலில் இறங்கும் முன் பயிற்சியாளர் அழுத்திச் சொல்லும் விதி ஒன்று: "என்ன ஆனாலும் மூச்சை அடக்காதீங்க." நீச்சல் குளத்தில் மூச்சை அடக்கியே பழகியவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். காரணம், ஆழத்துக்கு ஏற்ப மாறும் நீரின் அழுத்தம்.

ஆழம்தான் கணக்கு

கடல் மட்டத்தில் நம் மீது இருப்பது காற்றின் அழுத்தம் மட்டுமே. இதை 1 வளிமண்டல அழுத்தம் என்கிறார்கள். கடலுக்குள் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும், மேலே நிற்கும் நீரின் எடையால் ஏறக்குறைய இன்னொரு 1 சேரும். 10 மீட்டரில் 2, 20 மீட்டரில் 3, 30 மீட்டரில் 4.

உடலின் பெரும்பகுதி நீர் என்பதால் அது பெரிதாகச் சுருங்காது. சிக்கலெல்லாம் காற்று இருக்கும் இடங்களில்தான்: காது, சைனஸ், நுரையீரல். அழுத்தம் இரண்டு மடங்கானால், அதே காற்று பாதி இடத்துக்குள் அடங்கிவிடும். 1662-ல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி இது. சில மீட்டர் இறங்கியதுமே காது வலிப்பதும் இதனால்தான்.

மேலே வரும்போதுதான் ஆபத்து

ஸ்கூபா கருவி, டைவர் இருக்கும் ஆழத்தின் அழுத்தத்திலேயே காற்றைத் தரும். 10 மீட்டர் ஆழத்தில் 5 லிட்டர் காற்றை இழுத்த ஒருவர், பயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் என்ன ஆகும்? அழுத்தம் பாதியாகக் குறையும். அந்தக் காற்று 10 லிட்டராக விரியப் பார்க்கும். நுரையீரல் அதைத் தாங்காமல் கிழியலாம். காற்றுக்குமிழ்கள் ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

30 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு வரும்போது காற்று மூன்றில் ஒரு பங்குதான் கூடுதலாக விரியும். கடைசி 10 மீட்டரிலோ இரண்டு மடங்காகிவிடும். அதனால், 'கொஞ்ச ஆழம்தானே' என்ற அலட்சியம் கூடவே கூடாது.

அப்போ முத்துக்குளித்தவர்கள்?

தூத்துக்குடி கடலில் முத்துக்குளித்தவர்கள் மூச்சை அடக்கித்தானே மூழ்கினார்கள் என்று கேட்கலாம். அவர்கள் காற்றை இழுத்தது கடலுக்கு மேலே. ஆழத்தில் சுருங்கிய அந்தக் காற்று, திரும்பி வரும்போது பழைய அளவுக்குத்தான் விரியும். ஸ்கூபாவில் காற்றை இழுப்பதே ஆழத்தில்தான். அதுதான் வித்தியாசம்.

தண்ணீருக்குள் பதற்றம் வந்தால், சட்டென்று மேலே பாயாமல் பயிற்சியாளருக்குச் சைகை காட்டுங்கள். மூச்சை இழுத்து விட்டுக்கொண்டே, மெதுவாக மேலே வாருங்கள்.